ஜெயிச்சவங்க எழுந்திரிக்கக் கூடாது

ஜெயபாரதிக்குக் கோபம் வருவது ஊரில் ஒரு செய்தியே இல்லை. காலையில் பால் வருகிறது, பத்து மணிக்கு மினி பஸ் வருகிறது, ஜெயபாரதிக்குக் கோபம் வருகிறது. திருப்பனந்தாளுக்குக் கிழக்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில், இந்த மூன்றில் மினி பஸ்தான் சில நாள் வராமல் போகும்.

ஆனால் அவள் கோபத்துக்கு ஒரு நடத்தை உண்டு. ஒரு தடவை பக்கத்துத் தெரு ஆடு அவள் நாற்றங்காலில் இறங்கி வயிறு முட்ட மேய்ந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் வரப்பில் நின்று கத்தியிருப்பார்கள். அவளோ ஆட்டை இழுத்துக்கொண்டு போய், ஆட்டுக்காரர் வீட்டுக் கூடத்தில் டி.வி. ஸ்டாண்டின் காலில் கட்டிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் யாரும் இல்லை. டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆடு ஒரு சீரியலை முழுதாகப் பார்த்துவிட்டு, ரிமோட்டைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தெருவில் ஆடுகளுக்கே ஒரு ஒழுக்கம் வந்துவிட்டது.

பத்தாவது வரைக்கும் படித்தவள். அதற்கு மேல் படிக்க வீட்டில் வசதியில்லை என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே விடுதியில் கரண்ட் போன சாயங்காலங்களில், ஒரு அறைக்கு எட்டுப் பெண்களாக உட்கார்ந்து, ஹேர்பின்னைப் பந்தயம் கட்டி மூணு சீட்டு ஆடுவார்கள். கல்யாணமாகி ஊருக்கு வரும்போது அவள் பெட்டியில் நாலு சேலையும் ஒரு டப்பா நிறைய ஹேர்பின்னும் இருந்தன. மாமியார் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, கடை வைக்கப் போறியா?" என்று கேட்டாள். ஜெயபாரதி டப்பாவை மூடி வைத்தாள். எல்லாம் ஜெயித்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

புருஷன் இளஞ்செழியன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். சென்னைக்குக் குடிபோய்விட்ட ஒரு வாத்தியார் குடும்பத்து நிலத்தை அவள்தான் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறாள். நாற்று விடுவதிலிருந்து நெல்லை அளந்து போடுகிற வரைக்கும் ஒற்றை ஆள். இளஞ்செழியன் வீடியோ காலில் வந்து வயலைக் காட்டச் சொல்வான். காட்டுவாள். "பச்சையா இருக்கே" என்பான். "பயிர் பச்சையாத்தான் இருக்கும்" என்பாள். இதுதான் அவர்கள் வீட்டு விவசாய ஆலோசனைக் கூட்டம்.

இந்தக் குறுவையில் அவளுக்கு வந்தது வழக்கமான கோபம் இல்லை.

அறுவடை மெஷினுக்கு முதலில் சொல்லி வைத்தவள் அவள். மெஷினும் வந்தது. வாய்க்கால் மதகு வரைக்கும் வந்துவிட்டது. அங்கே பஞ்சநதம் நின்றுகொண்டிருந்தார். இளஞ்செழியனுக்குப் பெரியப்பா மகன். வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் ரெண்டு போன், வாயில் எப்போதும் ஒரு நியாயம். மெஷின்காரனைக் கையைக் காட்டி நிறுத்தி, "அது நம்ம வீட்டுப் பொண்ணுதான்ப்பா, பொறுத்துக்கும். நீ இப்படித் திருப்பு" என்று தன் வயலில் இறக்கிவிட்டார். அடுத்து தம்பி வயல். அது முடிந்ததும் மெஷினில் பெல்ட் அறுந்தது. பெல்ட் வருவதற்குள் தூறல் பிடித்தது. ஜெயபாரதியின் கதிர் சாய்ந்து, அதை ஒருவழியாக அறுத்து, டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்து கொட்டியபோது, அவளுக்குக் கிடைத்த டோக்கன் நாற்பத்தொன்று. பஞ்சநதம் கையில் ரெண்டாம் எண். அவர் தம்பிக்காக அவரே வாங்கி வைத்திருந்தது மூன்றாம் எண்.

நாற்பத்தொன்று என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சாக்கு வந்து, லாரி வந்து, எடை போட்டு, அந்த எண் வருவதற்கு ஒரு வாரம் ஆகும். நாளை மறுநாள் மழை என்று போன் சொல்கிறது. வெட்டவெளியில் கொட்டிக் கிடக்கிற நெல் நனைந்தால் குவியலிலேயே முளைவிடும். போகமே அதோடு சரி.

நிலையத்துக்கு வெளியே, ரோட்டோரமாக, வரிசையாக நெல் குவியல்கள். குவியலுக்குக் காவல் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? சீட்டு ஆடுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். டீ, பஜ்ஜி என்று தொடங்கும் பந்தயம், பொழுது போகாமல் போனால் டோக்கனில் வந்து நிற்கும். உள்ளே இருக்கிற கிளார்க்குக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எண்ணைக் கூப்பிட்டால் ஒரு ஆள் வரவேண்டும், அவ்வளவுதான். ஜெயித்தவர் தோற்றவரோடு டோக்கனை மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள். ஜெயித்தவர் முதலில் எழுந்திருக்கக் கூடாது. தோற்றவர் வாயால் "போதும்" என்று சொல்கிற வரைக்கும் உட்கார்ந்து ஆடவேண்டும். எழுந்தால் ஜெயித்தது செல்லாது, டோக்கன் பழையபடி அவரவர் கைக்குப் போய்விடும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. தோற்றுக்கொண்டிருந்த எவனோதான் போட்டிருப்பான்.

அன்று காலை வானம் மூட்டம். நெல்லைப் பிரித்துக் காயவைக்க வழியில்லை. புளியமரத்தடியில் பஞ்சநதம், சேக் தாவூது, சதீஷ் மூவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சேக் தாவூது பக்கத்து ஊர்க்காரர். சாந்தமான மனிதர், தோற்றால்கூட எதிராளிக்கு டீ சொல்லிவிட்டுத்தான் தோற்பார். சதீஷ், டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவின் நெல்லுக்குக் காவல் இருக்கிறவன். சீட்டைவிடப் போனை அதிகம் பார்ப்பான்.

ஜெயபாரதி போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?" என்றார் பஞ்சநதம்.

"சீட்டு போடுங்க மாமா."

"பொம்பளைங்க உக்கார்ற எடமா இது?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதான் பயப்படாம வந்தேன்."

சேக் தாவூது சிரிப்பை மறைக்கத் துண்டால் வாயைத் துடைத்தார். பஞ்சநதம் சிரிக்கவில்லை.

"நாப்பத்தொண்ண வச்சுக்கிட்டு எதுக்கு ஆடுறது? அதுக்கு எவன் மாத்திக்குவான்?"

"என் டோக்கன் வேணாம். நான் தோத்தா என் வயல் வைக்கோல் பூராவும் உங்களுக்கு. ஜெயிச்சா உங்க ரெண்டு எனக்கு, என் நாப்பத்தொண்ணு உங்களுக்கு."

பஞ்சநதத்திடம் ஆறு மாடு. அவர் கண் வைக்கோல் பக்கம் போனதை எல்லோரும் பார்த்தார்கள். சீட்டைப் போட்டார்.

மூணு சீட்டில் ஆளுக்கு மூன்று. உயர்ந்த சீட்டு ஜெயிக்கும். ஆனால் மிரட்டியும் ஜெயிக்கலாம். எதிராளி பயந்து சீட்டைக் கீழே வைத்துவிட்டால் பந்தயம் நமக்கு. தன் சீட்டைத் தானே பார்க்காமல் பந்தயத்தை ஏற்றுகிற ஆள் என்றால் மற்றவர்கள் சீட்டைக் கீழே வைக்கத்தான் பார்ப்பார்கள். ஜெயபாரதி தன் மூன்று சீட்டையும் குப்புற வைத்தபடியே வைத்திருந்தாள். தொடக்கூட இல்லை.

சதீஷும் சேக் தாவூதும் முதல் சுற்றிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள். பஞ்சநதம் தன் சீட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு எண்ணெய் மினுமினுப்பு வந்தது.

"ஏத்துறியா?"

"ஏத்துறேன். என் படுதாவும் பந்தயம். நீங்க தம்பி டோக்கனையும் வைங்க."

மழை வரப்போகிற நேரத்தில் நெல்லை மூடியிருக்கிற தார்ப்பாய்ப் படுதாவை யாராவது பந்தயம் கட்டுவார்களா? ஒன்று பைத்தியமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். பஞ்சநதம் வானத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வானமே பரவாயில்லை போலிருந்தது. தம்பி டோக்கனும் போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். யோசித்தவன் சீட்டாட்டத்தில் ஜெயிப்பதில்லை. சீட்டைக் கீழே வைத்துவிட்டார்.

சதீஷ் அதைத் திருப்பிப் பார்த்தான். ரெண்டு ராஜா, ஒரு ஒன்பது. நல்ல ஜோடி.

பிறகு அவள் சீட்டைத் திருப்பினான். நாலு, ஏழு, ஜாக்கி. ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று அனாதைகள்.

"அக்கா," என்றான் சதீஷ் பக்தியோடு, "நீ மட்டும் ஆம்பளையா பொறந்திருந்தா..."

"பொறந்திருந்தா உன்னை மாதிரி போன நோண்டிக்கிட்டு இருந்திருப்பேன். மாமா, டோக்கனக் குடுங்க."

நாற்பத்தொன்றைக் கொடுத்து ரெண்டாம் எண்ணை வாங்கி முந்தானையில் முடிந்தபோதுதான் மேகம் விலகியது. வெயில் வந்தது. அதுவும் சும்மா வெயிலா, மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாகக் கொட்டுகிற வெயில். ரோடு பூராவும் ஆட்கள் ஓடினார்கள். படுதாக்கள் பிரிந்தன. பஞ்சநதத்தின் மனைவி பிரகதாம்பாள், ஐம்பது வயதுக்காரி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே குவியலைச் சரித்துப் பரப்பினாள். சேக் தாவூதின் மகன்கள் இறங்கினார்கள். சதீஷின் அம்மா இறங்கினாள்.

ஜெயபாரதியின் குவியல் மட்டும் மூடிக் கிடந்தது. காலையில் அதற்குள் கையை விட்டுப் பார்த்திருந்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்டது போல் சுட்டது. ஈர நெல். இன்றைக்குப் பிரித்துக் காயவைக்காவிட்டால் நாளைக்கு ஈரப்பத மெஷினில் பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டும். காட்டினால் "காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிவிடுவார்கள். அப்புறம் ரெண்டாம் எண் இருந்தால் என்ன, கவர்னர் கையெழுத்து இருந்தால் என்ன?

அவள் எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு," என்றார் பஞ்சநதம். "நான் இன்னும் போதும்னு சொல்லல."

"மாமா, வெயில் வந்துருச்சு. கொஞ்ச நேரம் நிறுத்திட்டு, நெல்லப் பரப்பிட்டு வர்றேன். அப்புறம் ஆடுவோம்."

"எழுந்திரிச்சா டோக்கனக் குடுத்துட்டு எழுந்திரி. சட்டம் உனக்கு மட்டும் தனியா கிடையாது."

அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவளைக் கொளுத்தியது. மதகடியில் மெஷினைத் திருப்பும்போதும் இப்படித்தான் பேசியிருப்பார். உட்கார்ந்தால் டோக்கன் இருக்கும், நெல் போகும். எழுந்தால் நெல் காயும், டோக்கன் போகும், மழையில் நெல்லும் போகும். அந்த மனுஷன் வேட்டியை ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். அவருக்கென்ன, அவர் நெல்லைக் காயவைக்கத்தான் ஒரு ஆள் வெயிலில் நிற்கிறதே.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இளஞ்செழியன்.

"பாரதி, நீ சீட்டு ஆடுறியா? சதீஷ் குரூப்புல போட்டோ போட்டிருக்கான். இங்க ஊர்ப் பசங்க எல்லாம் பாத்துட்டு சிரிக்கிறானுங்க."

சதீஷ் சட்டென்று மரத்தின் உச்சியை ஆராயத் தொடங்கினான்.

"ஆமா, ஆடுறேன்."

"நிறுத்து. ஜெயிச்சது போதும். மரியாதையா எழுந்து போ."

"எழுந்து போனா டோக்கன் போயிடும்."

"போனா போகுது. பஞ்சநதம் அண்ணன்கிட்ட நான் பேசுறேன், அவரு ஏதாவது பண்ணுவாரு."

"ஏற்கெனவே பண்ணிட்டாரு. பண்ணினதாலதான் இங்க உக்காந்திருக்கேன். மெஷின மறிச்சாருன்னு சொன்னேனே, அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? விடு, அண்ணன்தானேன்னு சொன்னீங்க. மூணு நாளா நான் தூங்கல. நெல்லப் பரப்ப நீங்க வர்றீங்களா? பிளைட் ஏறுங்க, அடுத்த நிமிஷம் நிறுத்திடுறேன்."

அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா?" என்றான் சின்னக் குரலில்.

"இல்ல. வைங்க."

போனை வைத்துவிட்டு, மூடிக் கிடந்த தன் குவியலைப் பார்த்தாள். அழுதுவிடுவாளோ என்று சேக் தாவூது பயந்தார். அவள் அழவில்லை. சட்டென்று கையை நீட்டிப் பஞ்சநதத்தின் கையிலிருந்த சீட்டுக் கட்டைப் பிடுங்கினாள்.

"ஆட்டத்த நிறுத்தல. எடத்த மாத்துறேன். வாங்க."

"எங்க?"

"என் நெல்லுக்கு. நான் ஆட்டத்தவிட்டு எழுந்திரிச்சாத்தானே செல்லாது? ஆட்டமே என்கூட எழுந்திரிச்சு வருது. இங்கதான் ஆடணும்னு சட்டம் இருக்கா பாய்?"

சேக் தாவூது தாடியைத் தடவினார். "இந்த மரத்தடின்னு யாரும் சொன்னதில்ல தங்கச்சி. போன வருஷம் லாரிக்கு அடியிலகூட ஆடிருக்கோம்."

அவள் போய்ப் படுதாவை ஒரு மூலையில் பிடித்து இழுத்தாள். சதீஷ் ஓடிவந்து இன்னொரு மூலையைப் பிடித்தான், போட்டோ போட்ட பாவத்துக்கு. குவியலைப் பலகையால் தள்ளி ரோட்டின் பாதி அகலத்துக்குப் பரப்பினார்கள். ஆவி எழுந்தது. பஞ்சநதம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உக்கார எடம் எங்க?"

"எதுக்கு உக்காரணும்? நின்னுக்கிட்டே ஆடுவோம். நிக்கிற காலு ஏன் சும்மா நிக்கணும், அது பாட்டுக்கு நெல்லத் துழாவட்டும்."

காய்கிற நெல்லைக் காலால்தான் கிளறுவார்கள். பாதத்தைத் தூக்காமல், ஏர் ஓட்டுகிற மாதிரி இழுத்துக்கொண்டே நடந்தால் அடி நெல் மேலே வரும். ஜெயபாரதி நடந்துகொண்டே சீட்டைப் போட்டாள். மூவரும் கூடவே நடந்தார்கள். பஞ்சநதத்துக்கு வேறு வழியில்லை. "போதும்" என்று சொன்னால் ஆட்டம் முடிந்துவிடும், ரெண்டாம் எண் போனது போனதுதான். டோக்கன் வேண்டுமென்றால் நடக்கவேண்டும்.

நடந்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் நாற்காலியில் உட்காருகிற மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று சீட்டை நெஞ்சோடு அணைத்தபடி, ஜெயபாரதியின் நெல்லில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் காலை இழுத்துக்கொண்டு போனார், வந்தார். ரோட்டில் போன மினி பஸ் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

முதல் கையில் சேக் தாவூது ஜெயித்தார், ஒரு டீ. அடுத்தது சதீஷ், ஒரு பஜ்ஜி. மூன்றாவது கையில் பஞ்சநதம் தம்பி டோக்கனைப் பந்தயம் வைத்தார். ஜெயபாரதி ரெண்டாம் எண்ணை வைத்தாள். இந்த முறை சீட்டைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை. எதிரே அவர் முகத்தில் அதே எண்ணெய் மினுமினுப்பு. கீழே வைத்தால் எல்லாம் போயிற்று, வைக்காவிட்டாலும் போயிற்று. பாதத்தை மட்டும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே நடந்தாள்.

"யோவ்."

பிரகதாம்பாளின் குரல். எல்லோரும் திரும்பினார்கள். அவள் தன் நெல்லின் நடுவில், இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

"என்னய்யா பண்ற அங்க?"

"பாத்தா தெரியல? ஆடிக்கிட்டு இருக்கேன்."

"காலு என்னய்யா பண்ணுது?"

பஞ்சநதம் குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

"கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷம். நம்ம நெல்லுல ஒரு நாளாச்சும் உன் காலு பட்டிருக்கா? முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டரு சொன்ன அன்னிக்கும் நான்தான் துழாவினேன். வெயில்ல நிக்க முடியல, தல சுத்துதுன்னு சொல்லிட்டு மரத்தடியில போய் உக்காந்த. இங்க பாரு, ஊரான் நெல்லுல ராஜா நடக்குறாரு."

"பிரகதா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இது நம்ம நெல்லு, ஈரத்துல கருத்துக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு தடவ துழாவணும். நான் துழாவ மாட்டேன்." சொல்லிவிட்டு, பலகையைக் கீழே போட்டுவிட்டு, நேரே புளியமரத்தடிக்குப் போய், அவர் உட்கார்ந்திருந்த சாக்கிலேயே உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். அவருடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

வெயில் தன் வேலையைப் பார்த்தது. பஞ்சநதத்தின் நெல் அந்தப் பக்கம் தனியாகக் கிடந்தது. மேலே காய்ந்து, அடியில் ஈரமாக. மேற்கே ஒரு மேகம் மறுபடி கிளம்பியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். நல்ல சீட்டாகத்தான் இருந்திருக்கும். அவர் அதை மூடிய விதத்திலேயே தெரிந்தது.

"போதும்," என்றார். யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "போதும்னு சொல்றேன்ல."

சீட்டை சதீஷ் கையில் திணித்துவிட்டுப் போனார். முடியாத கையில் வைத்திருந்த தம்பி டோக்கனை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

சேக் தாவூது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் குவியலைப் பார்க்கக் கிளம்பினார். சதீஷ் போகவில்லை.

"அக்கா, ஒரே ஒரு கை. உள்ள முதல் டோக்கன்காரரு ஆட ஆள் இல்லாம உக்காந்திருக்காரு, கூப்பிட்டா வருவாரு. உன் கையில இன்னிக்கு என்னமோ இருக்கு. ரெண்ட ஒண்ணாக்கிடலாம்."

ஜெயபாரதி கட்டைக் கையில் வாங்கினாள். விரல்கள் அதுவாகவே கலைக்கத் தொடங்கின. ஆசையாகத்தான் இருந்தது. இன்னொரு ஆளின் முகம் அப்படிச் சுருங்குவதைப் பார்க்கவேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அந்த முதல் டோக்கன்காரர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர் பேர்கூட அவளுக்குத் தெரியாது.

"அவரு என்ன பண்ணாரு எனக்கு?" என்றாள்.

"யாரு?"

"அதான், யாருன்னே தெரியல." கட்டை அவன் பாக்கெட்டில் சொருகினாள். "லீவு. அடுத்த போகம் வரைக்கும் என்னைக் கூப்பிடாத. கூப்பிட்டா உன் போன நெல்லுல பொதைச்சிடுவேன்."

"ஏன்க்கா, ஜெயிக்கிற நேரத்துல போயி..."

"பலகைய எடு. அந்த ஓரம் இன்னும் ஈரமா கிடக்கு."

அவன் முனகிக்கொண்டே எடுத்தான். ஜெயபாரதி ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். இன்னும் அவல் மாதிரி நசுங்கியது. சாயங்காலம் வரைக்கும் வெயில் நின்றால் நாளைக்குத் தேறும். நிற்காவிட்டால் தேறாது. நெல்லின் சுணைத் தூசி ஒட்டி முழங்கால் வரைக்கும் அரித்தது. கோபம் குறைந்தபாடில்லை; யார் மேல் என்பதில்தான் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. மெஷின் விஷயத்துக்குப் பஞ்சநதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை.

அவர் தன் நெல்லில் நடந்துகொண்டிருந்தார். தண்ணீரில் நடக்கிற கொக்கு மாதிரி ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைத்தார். நெல் நசுங்கியது, கிளறவில்லை. மரத்தடியில் பிரகதாம்பாள் கண்ணை மூடியபடி இருந்தாள், வேண்டுமென்றேதான்.

ஜெயபாரதி கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முயன்றாள். அவருடைய கால் மறுபடி மேலே எழுந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"மாமா," என்று கத்தினாள், "கால தூக்காதீங்க. இழுங்க. நெல்லு உமியா போயிடும்."

"எனக்குத் தெரியும்," என்று அவரும் கத்தினார்.

நாலு அடி கோபமாகத் தூக்கி வைத்தார். அப்புறம் இழுத்தார்.